பட்டறைப் பக்கம்: உயர்த்திய ஜீப்பும் உதறும் ஸ்டியரிங்கும்

கேள்வி: ‘‘எங்களிடம் பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் இருக்கிறது. மலையடிவாரத்தில் உள்ள தோப்புக்கு உரம் கொண்டு போகவும், தேங்காய் இறக்கவும் அதுதான் உதவி. பாதையில் கல் தட்டுகிறது என்று முன்பக்கம் இரண்டு பட்டையிலும் ஒவ்வொரு பிளேட் கூட்டி, ஷேக்கிளையும் நீளமாகச் செய்து போட்டோம். இப்போது மெயின் ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறுகிறது. டை ராட் எண்ட் இரண்டு முறை மாற்றிவிட்டோம். ஒரு மெக்கானிக் ஸ்டியரிங் டேம்பர் போடச் சொல்கிறார். இன்னொருவர் கிங் பின் போய்விட்டது என்கிறார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செங்கோட்டைக்குப் போகவே வீட்டில் பயப்படுகிறார்கள். எதை மாற்றினால் சரியாகும்?’’

- ஒரு வாசகர், புளியறை.

பதில்: வீட்டில் பயப்படுவது நியாயம்தான். உங்கள் ஊர்ச் சாலை சாதாரணச் சாலை அல்ல. திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744. ஒரு பக்கம் எஸ் வளைவு, மேலே கோட்டைவாசல் ஏற்றம், இரவும் பகலும் கேரளாவுக்குப் போகும் பாரலாரிகள். அந்த இடத்தில் ஸ்டியரிங் ஒரு நொடி கையை விட்டுப் போனால் திருத்திக்கொள்ள இடம் கிடையாது. ஆகவே, இதைச் சரி செய்யும்வரை அந்த ஜீப்பில் ஆட்களை ஏற்றி மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள்.

அடுத்தது, ‘எதை மாற்றினால் சரியாகும்’ என்ற கேள்வி. ஒரே ஒரு பாகத்தை மாற்றினால் இது சரியாகாது. உங்கள் வண்டியில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று, வயதால் வந்த தேய்மானம். மற்றொன்று, உயர்த்தியதால் வந்த கோண மாற்றம். முதலாவதை மட்டும் சரி செய்தால் புதுப் பாகமும் சீக்கிரமே தேய்ந்துவிடும். இரண்டாவதை மட்டும் சரி செய்தால் பழைய ஆட்டம் அப்படியே இருக்கும். இரண்டு முறை மாற்றிய டை ராட் எண்ட் அடி வாங்கிய பாகமாகத்தான் தெரிகிறது. உதறலைக் கிளப்புவது வேறு எங்கோ இருக்கிறது.

உயர்த்தியதால் என்ன மாறியது?

சைக்கிளைக் கவனியுங்கள். முன் ஃபோர்க் நேராக நிற்காமல் ஹேண்டில் பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஓடும்போது சக்கரம் தானாக நேர்ப்பாதைக்குத் திரும்புவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். ஜீப்பிலும் கிங் பின்னுக்கு அப்படிச் சில டிகிரி சாய்வு உண்டு. அதைத்தான் பட்டறையில் ‘காஸ்டர்’ என்கிறார்கள். பட்டையின் முன் முனையில் ஷேக்கிள் இருக்கும் வண்டியில் ஷேக்கிளை நீளமாக்கினால், பட்டை முழுவதும் முன்பக்கம் தாழ்ந்து, ஆக்சிலின் மேல்பகுதி முன்னோக்கிச் சாயும். காஸ்டர் குறைந்துவிடும். அப்போது சக்கரத்துக்குத் தானாக நேராகும் குணம் போய், ஒரு சின்ன அடி விழுந்தாலும் இடமும் வலமும் அலைய ஆரம்பிக்கும்.

இரண்டாவது மாற்றம் டிராக் லிங்கில். இந்தக் கம்பியின் ஒரு முனை சேஸி பக்கம், மறுமுனை ஆக்சில் பக்கம். கம்பெனி உயரத்தில் இதன் சாய்வு கொஞ்சம்தான். வண்டியை உயர்த்தினால் கம்பி செங்குத்தாகச் சாய்கிறது. பிறகு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் கம்பி சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பாமலேயே சக்கரம் திரும்பும். அதன் முனையில் உள்ள பந்து மூட்டு ஓரத்தில் அழுத்தப்பட்டு, ரப்பர் உறை கிழிந்து, சேறும் தண்ணீரும் உள்ளே போகும்.

மூன்றாவது, பட்டையின் விறைப்பு. கூடுதல் பிளேட் போட்ட பட்டை பள்ளத்தின் அடியை விழுங்காது. அந்த அடி புஷ், ஷேக்கிள், சேஸி பிராக்கெட், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் என்று வரிசையாக எல்லாவற்றையும் தளர்த்தும்.

இந்த ஜீப்பின் வம்சத்தையும் நினைவில் வையுங்கள். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வந்த வில்லிஸ் ஜீப்பை, 1940களின் பிற்பகுதியில் மஹிந்திரா நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வழியில் 1980களில் டீசல் இன்ஜினோடு வந்தது உங்கள் எம்.எம். 540. முன்னும் பின்னும் பட்டை, ஒரே துண்டு ஆக்சில் என்று எளிமையான, கெட்டியான அமைப்பு. பழுது பார்ப்பது சுலபம். ஆனால் நீளம் குறைந்த வண்டி என்பதால் முன்பக்கக் கோணம் கொஞ்சம் மாறினாலும் உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

தேய்ந்தது எது? வீட்டிலேயே பார்க்கலாம்

இதற்கு ஒரு ஜாக்கி, ஒரு கடப்பாரை, கூட ஒரு ஆள் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் ஆக்சிலுக்கு அடியில் கெட்டியான ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ வைத்து இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைக்கவே கூடாது. அவை ‘படார்’ என்று உடையும்.

முதலில் டயர். இரண்டு முன் டயரிலும் ஒரே அளவு காற்று இருக்கிறதா, ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேறு ஒட்டியிருக்கிறதா, ரிம் வளைந்திருக்கிறதா, வீல் நட் முடுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தோப்புச் சேறு ஒரு பக்கம் மட்டும் அப்பிக் காய்ந்தாலே ஸ்டியரிங் ஆடும். இதற்குச் செலவு ஒரு வாளித் தண்ணீர்தான்.

இரண்டாவது, சக்கரத்தை மேலே தூக்கி, கடிகாரத்தில் 12 மணி, 6 மணி இருக்கும் இடங்களில் பிடித்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் கூட இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது. பிரேக் மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின் பேரிங்தான் கோளாறு. உங்களிடம் இரண்டு மெக்கானிக்குகள் இரண்டு விதமாகச் சொன்னார்கள் அல்லவா? கிங் பின் விஷயத்தில் யார் சொன்னது சரி என்று இந்தச் சோதனையே சொல்லிவிடும்.

மூன்றாவது, 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து அசையுங்கள். இந்தத் திசையில் மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட், டிராக் லிங்க் பக்கம் தேடுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். சக்கரங்களைத் தரையில் இறக்கிவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை ஒரு சாண் அளவுக்கு இடமும் வலமும் விட்டுவிட்டுத் திருப்பட்டும். நீங்கள் வெளியே இருந்து ஒவ்வொரு மூட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மூட்டின் ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் தாமதித்தால் அந்த மூட்டு தேய்ந்தது. ஸ்டியரிங் பாக்ஸ் சேஸியில் மாட்டியிருக்கும் இடத்தையும் தவறாமல் பாருங்கள். அங்கே போல்ட் தளர்ந்தோ, தகடு விரிசல் விட்டோ இருந்தால் பாக்ஸே அசையும். பெயின்ட் மேல் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அது விரிசலின் அடையாளம். மிகப் பழைய ஜீப்புகளில் நடுவே பெல் கிராங்க் என்ற ஒரு துண்டு இருக்கும். அதன் பின்னும் புஷ்ஷும் தேய்வது சகஜம்.

ஐந்தாவது, பட்டை. பட்டைக் கண்ணுக்கும் ஷேக்கிளுக்கும் இடையில் கடப்பாரையை நுழைத்து நெம்புங்கள். புஷ் நசுங்கியிருந்தால் தெரிந்துவிடும். ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொண்டு, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைந்தால் சென்டர் போல்ட் ஒடிந்து ஆக்சில் நகர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படியிருந்தால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

கல் எங்கே தட்டுகிறது?

பாகம் வாங்கக் கடைக்குப் போகுமுன் இதற்கு விடை தேடுங்கள். ஒரே துண்டு ஆக்சில் வண்டியில், தரைக்கு மிக அருகில் இருப்பது ஆக்சிலின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் உருண்டை. பட்டையைக் கூட்டினால் பாடி உயரும், சேஸி உயரும். ஆக்சில் ஒரு விரற்கடை கூட உயராது, ஏனென்றால் அது சக்கரத்தோடு சேர்ந்தே நிற்கிறது. கல் தட்டுவது உருண்டையில் என்றால் நீங்கள் செய்த உயர்த்தலால் எந்தப் பலனும் இல்லை. அந்தக் கல்லைக் கடப்பாரையால் புரட்டிப் போடுவதும், தடத்தின் பள்ளத்தில் சரளை கொட்டுவதும்தான் சரியான வழி. சேஸியோ, படிக்கட்டோ, சைலன்சரோ தட்டுகிறது என்றால், பழைய பட்டை தளர்ந்து தொய்ந்துவிட்டதா என்று பாருங்கள். தொய்ந்த பட்டைக்கு மருந்து கம்பெனி அளவில் புதுப் பட்டைக் கட்டுதான். அது வந்ததுமே இழந்த உயரம் திரும்பிவிடும்.

ஆகையால் என் யோசனை இது. நீளமான ஷேக்கிளைக் கழற்றிவிட்டுக் கம்பெனி அளவு ஷேக்கிளைப் போடுங்கள். கூட்டிய பிளேட்டை எடுத்துவிடுங்கள். உர மூட்டையும் தேங்காயும் ஏறுவது பின்பக்கம். அந்தப் பாரத்துக்காக முன்பட்டையைக் கனமாக்க வேண்டியதில்லை.

‘கொஞ்சம் உயரம் இருந்தே ஆக வேண்டும், காஸ்டரை மட்டும் சரி செய்துகொள்கிறேன்’ என்றால், பட்டைக்கும் ஆக்சில் இருக்கைக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வைக்கும் முறை உண்டு. ஆனால் ஆப்பின் கனத்த பக்கம் முன்னால் வர வேண்டுமா பின்னால் வர வேண்டுமா என்பது, பட்டை ஆக்சிலுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்து மாறும். திருப்பி வைத்துவிட்டால் இப்போது இருப்பதைவிட மோசமாகும். இன்னொரு சிக்கல், காஸ்டரைக் கூட்ட ஆக்சிலைச் சாய்த்தால் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் மூக்கு கீழே இறங்கும். ஃபோர் வீல் போட்டு ஓட்டும்போது கிராஸ் ஜாயிண்ட் அதிரும், சீக்கிரம் தேயும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும் வேலை இது. அளவுக் கருவி இருக்கும் பட்டறையில் மட்டுமே செய்ய வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், வண்டியைச் செய்த கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. சொந்த உபயோக வண்டி 15 ஆண்டுகளைத் தாண்டினால் 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் இன்ஷூரன்ஸ்காரரும் இதையெல்லாம் கேட்பார். கம்பெனி உயரத்துக்கு இறக்கிவிட்டால் இந்தக் கவலையும் போய்விடும்.

எந்த வரிசையில் மாற்றுவது?

கையில் இருக்கும் பணத்தை வீணாக்காமல் இருக்க இந்த வரிசையைப் பின்பற்றுங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் வண்டியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

1. டயர், ரிம், காற்று. வீல் பேலன்ஸ் பார்த்துவிடுங்கள்.

2. வீல் பேரிங். கழற்றிக் கழுவி, உருளைகளில் புள்ளியோ நீலம் பாய்ந்த நிறமோ இருந்தால் பேரிங்கையும் அதன் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். நல்ல நிலையில் இருந்தால் புதுக் கிரீஸ் திணித்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சக்கரம் பிடிக்கத் தொடங்கியதும் ஆறில் ஒரு சுற்று தளர்த்துங்கள். அதாவது கடிகார முள் 10 நிமிடம் நகரும் அளவு. பிறகு பூட்டு வாஷரையும் பூட்டு நட்டையும் மறக்காமல் போடுங்கள்.

3. கிங் பின். பழைய ஜீப்பில் இதன் இறுக்கத்தை ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து வைப்பார்கள். ‘ஆட்டம் இல்லை’ என்பது மட்டும் போதாது. திருப்பும்போது அளவான பிடிப்பும் இருக்க வேண்டும். அந்தப் பிடிப்புத்தான் உதறலை அடக்குகிறது. நல்ல பட்டறையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்து அளவு வைப்பார்கள். கையால் அசைத்துப் பார்த்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். உருண்டைக் கூட்டின் ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

4. பட்டை, புஷ், ஷேக்கிள், யூ போல்ட். பட்டையின் தடிமன் மாறினால் யூ போல்ட் புதிதாக வேண்டும். ஒருமுறை இழுபட்ட பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள வண்டியில் ஷேக்கிள் போல்ட்டின் கடைசி முடுக்கு, வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதுதான். அந்தரத்தில் தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி ஒருமுறை முடுக்குங்கள்.

5. ஸ்டியரிங் பாக்ஸ் பிடிமானம், டிராக் லிங்க், டை ராட் எண்ட். காசல் நட்டுக்குப் புது ஸ்பிளிட் பின் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவதும், கட்டுக்கம்பி சுற்றுவதும் வேண்டாம்.

6. கடைசியாக டோ. இரண்டு முன் டயரின் நடுவிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஆக்சில் உயரத்தில் முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் அளந்தால் வித்தியாசம் தெரியும். கம்பெனி புத்தகத்தில் சொன்ன மில்லிமீட்டர் கணக்குக்கு வைக்க வேண்டும். மற்ற வேலைகளை முடிக்காமல் அலைன்மென்ட்டுக்குக் கொடுக்கும் காசு வீண்.

ஸ்டியரிங் டேம்பர் எங்கே வருகிறது? இவை எல்லாம் முடிந்த பிறகு, விருப்பம் இருந்தால். நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு அது துணை. தேய்ந்த வண்டியில் போட்டால் வலியை மறைக்கும் மாத்திரை போல ஆகிவிடும். உதறல் கொஞ்ச நாள் தெரியாது. உள்ளே தேய்வது மட்டும் நிற்காது. ஒருநாள் மூட்டே கழன்று வரும்.

செய்யவே கூடாதவை சில உண்டு. டை ராட், டிராக் லிங்க், ஸ்டியரிங் கை ஆகியவற்றில் வெல்டிங் வைக்கக் கூடாது. பட்டை பிளேட்டில் வெல்டிங் வைத்தாலும், நெருப்பில் காய்ச்சி அடித்து வளைத்தாலும் அதன் பதம் போய்விடும். அப்படிச் செய்த பிளேட் தொய்யும், இல்லையென்றால் ஒடியும். வெறும் பட்டை இரும்பில் துளை போட்டுச் செய்த நீள ஷேக்கிள், வளைவில் பக்கவாட்டில் முறுக்கும். இவற்றில் மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

உயரத்தைக் குறைக்காமல் ஓட்டுகிறவர்கள் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். சேஸியைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பிரேக் ஹோஸ் விறைத்து நின்றால் ஆபத்து. ஒரு பெரிய பள்ளத்தில் அது பிய்ந்து வரலாம். ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு இழுபட்டு நின்றால், ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் கண்ணும் போல்ட்டும் அடி வாங்கும்.

ஓடும்போது உதறல் வந்தால்...

ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள். இரண்டு கையாலும் உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். வேகம் தானாகக் குறையட்டும். பிரேக்கைப் படாரென மிதிக்க வேண்டாம். மெல்ல மெல்ல மிதித்து ஓரம் கட்டுங்கள். பெரும்பாலும் வேகம் நன்றாகக் குறைந்ததும் உதறல் நின்றுவிடும். ‘நின்றுவிட்டதே’ என்று மறுபடி வேகம் எடுக்காதீர்கள்.

சாரல் காலத்துக்கு ஒரு வார்த்தை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஓடையில் இறங்காமல் தோப்புக்குப் போக முடியாது. ஓடையைக் கடந்த வண்டிக்கு அன்றோ மறுநாளோ கிரீஸ் கன் பிடியுங்கள். நிப்பிள் உள்ள மூட்டுகளில் பழைய கிரீஸும் தண்ணீரும் வெளியே வந்து, புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஆக்சில் ஆயில் பால் கலந்த டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், உடனே மாற்றுங்கள்.

கேள்வி: ‘‘எங்களுடையது 2014ஆம் வருடத்துத் தார். முன்பக்கம் டார்ஷன் பார் போல்ட்டை முடுக்கி 2 அங்குலம் உயர்த்தினோம். டயர் ஒரு ஓரம் மட்டும் வழுக்கையாகிறது. சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறது. பட்டை வண்டிக்குச் சொல்லும் வைத்தியம் இதற்கும் பொருந்துமா?’’

- ஒரு வாசகர், மேக்கரை.

பதில்: பொருந்தாது. உங்கள் வண்டியில் பின்பக்கம்தான் பட்டை. முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு. அதில் ஸ்பிரிங்கின் வேலையைச் செய்வது டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. போல்ட்டை முடுக்கினால் கம்பிக்குப் பலம் கூடுவதில்லை. வண்டி நிற்கும் உயரம் மட்டும் கூடுகிறது. சக்கரம் கீழே இறங்க வேண்டிய தூரம் குறைந்துபோவதால், பள்ளத்தில் ‘டங்’ என்று அடிக்கும். மேலும் கீழும் உள்ள பால் ஜாயிண்ட்டுகள் சாய்ந்த நிலையிலேயே நின்று தேயும். சக்கரத்தின் சாய்வு மாறுவதால்தான் டயர் ஒரு ஓரம் மட்டும் வழுக்கையாகிறது.

தெறித்த கிரீஸ், சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் சி.வி. ஜாயிண்ட் ரப்பர் உறை கிழிந்ததைக் காட்டுகிறது. வண்டியை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது ‘கட கட’ சத்தம் இல்லையென்றால் ஜாயிண்ட் இன்னும் பிழைத்திருக்கலாம். உடனே கழற்றிக் கழுவி, புதுக் கிரீஸும் புது உறையும் போட்டால் தப்பிக்கும். சத்தம் வந்துவிட்டால் ஜாயிண்ட்டையே மாற்ற வேண்டும். மணல் புகுந்த ஜாயிண்ட்டை உறை மட்டும் போட்டு மூடுவதில் பயனில்லை.

முதலில் போல்ட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கம்பெனி அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பால் ஜாயிண்ட்டைச் சோதியுங்கள். டார்ஷன் பார் எந்தக் கையைத் தாங்குகிறதோ அந்தக் கைக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால்தான் மூட்டின் மேல் பாரம் இல்லாமல் ஆட்டம் தெரியும். சேஸியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால், தேய்ந்த மூட்டும் இறுக்கமாக இருப்பதுபோல் ஏமாற்றும். டார்ஷன் பாரைக் கழற்றும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். முறுக்கில் இருக்கும் கம்பி விடுபட்டால் கை போய்விடும்.

கேள்வி: ‘‘எங்களிடம் ஜீப் இல்லை, டிராக்டர்தான். சேற்றுழவுக்குப் பிறகு முன் சக்கரங்கள் உள்ளும் வெளியும் ஆடுகின்றன. ரோட்டில் டிரெய்லர் கட்டி ஓட்டினால் ஸ்டியரிங் அலைகிறது. என்ன பார்க்க வேண்டும்?’’

- ஒரு வாசகி, வடகரை.

பதில்: மேலே ஜீப்புக்குச் சொன்ன 12 மணி - 6 மணி, 3 மணி - 9 மணி சோதனை உங்களுக்கும் உதவும். ஒரே வித்தியாசம், டூ வீல் டிரைவ் டிராக்டரில் பெரும்பாலும் முன் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. ஆகவே பிரேக் மிதித்துப் பேரிங்கையும் கிங் பின்னையும் பிரித்துப் பார்க்க முடியாது. சக்கரத்தை அசைக்கும்போது, மேலே ஸ்டியரிங் கை சேரும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். அந்தத் தண்டும் சேர்ந்து ஆடினால் அதன் புஷ் தேய்ந்திருக்கிறது. தண்டு அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங்.

டிராக்டருக்கே உரிய இன்னொரு இடம், முன் ஆக்சிலின் நடுவில் இருக்கும் சென்டர் பின். மேடு பள்ளத்தில் ஆக்சில் இடமும் வலமும் சாய்வது அதை வைத்துத்தான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலைக் கடப்பாரையால் முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். ‘லொடக் லொடக்’ என்று அடித்தால் அந்தப் புஷ்ஷை மாற்ற வேண்டும். புஷ்ஷோடு நிறுத்தினால் செலவு குறைவு. விட்டுவிட்டால் பின்னும் அதைத் தாங்கும் துளையும் தேய்ந்து, லேத்துக்குப் போய்த் துளையைப் பெருக்கிப் புஷ் அடிக்க வேண்டிவரும்.

சேற்றுழவு நடக்கும் நாட்களில் முன் ஆக்சில் நிப்பிள் எல்லாவற்றுக்கும் தினமும் கிரீஸ் அடியுங்கள். நடவு முடிந்ததும் முன் வீல் பேரிங்கைக் கழற்றிக் கழுவி, புதுக் கிரீஸ் திணித்து, சீலையும் மாற்றிவிடுங்கள். டிரெய்லரில் ஆட்களை ஏற்றும் பழக்கம் இருந்தால், அதையும் இந்தப் பருவத்தோடு நிறுத்திவிடுங்கள்.

வாசகர்களே, டிராக்டர், பவர் டில்லர், பம்ப்செட், ஜீப் என எந்த இயந்திரத்தின் கோளாறானாலும் எழுதுங்கள். எந்த வேகத்தில், எந்த மாதிரிப் பாதையில் கோளாறு வருகிறது, இதுவரை எதையெல்லாம் மாற்றினீர்கள் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். புளியறை வாசகரின் கடிதத்தில் அந்த விவரங்கள் இருந்ததால்தான், டை ராட் எண்ட்டை மூன்றாம் முறை மாற்ற வேண்டாம் என்று சொல்ல முடிந்தது.